பலகையில் கிடந்த அப்பாவும் முதுகைத் தொட்ட கைகளும்



போன மாதம் வாசலில் கோலம் போடக் குனிந்தவள் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேள்விப்பட்டுப் பலர் விசாரித்தீர்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். சிகிச்சை கொடுத்தது என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன்தான், இப்போது பிசியோதெரபிஸ்ட். வந்ததும் அவன் முதுகைத் தொடவில்லை. கால் மணி நேரம் கேள்வி கேட்டான். "குனிஞ்சா வலிக்குதா டீச்சர், நிமிர்ந்தா வலிக்குதா? காலுக்கு இறங்குதா?" பிறகு குப்புறப் படுக்கச் சொல்லி, இரண்டு கட்டைவிரல்களால் முதுகெலும்பின் ஒவ்வொரு மேட்டையும் மெல்ல அழுத்தி அழுத்தி விட்டான். கடைசியில், "படுத்தே இருக்காதீங்க டீச்சர், இன்னைக்கே கொஞ்சம் நடங்க" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா நெசவாளர். 1974-இல், நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, தறிக்குழியிலிருந்து எழுந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் பலகையில் படுக்கவைத்து, ஆறு வாரம் அசையவே கூடாது என்றார். அப்பா ஒரு நாள்கூட மீறவில்லை. எழுந்தபோது கால்களில் பலமில்லை. தறி வேறு ஆளுக்குப் போயிருந்தது. அதன்பிறகு அவர் முழுநாள் தறியில் உட்காரவே இல்லை. அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைய பாடம் அது. அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது என்று இந்த ஒரு மாதமாகத் தேடிப் படித்தேன். படித்ததை வகுப்பில் சொல்லாமல் இருக்க முடியுமா?

முதுகைக் கையால் சரிசெய்வது மிகப் பழைய வேலை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வந்த மூட்டுகள் பற்றிய நூலில், கூன் விழுந்தவரைப் பலகையில் குப்புறப் படுக்கவைத்து, இரு பக்கமும் வாரால் இழுத்து, மருத்துவர் உள்ளங்கையால் அழுத்தும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. அதே நூல், நோயாளியை ஏணியில் கட்டித் தலைகீழாக உலுக்கிக் கூட்டம் சேர்க்கும் வைத்தியர்களைக் கண்டிக்கவும் செய்கிறது. வேடிக்கை காட்டும் வைத்தியம் அன்றைக்கே இருந்திருக்கிறது பாருங்கள்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இந்த வேலை எலும்பு கட்டும் குடும்பங்களின் கையில் இருந்தது. நம் ஊரில் சுளுக்கு எடுப்பவர்கள் மாதிரிதான், தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் தொழில். படித்த டாக்டர்கள் இவர்களை வெறுத்தார்கள். ஆனால் 1867-இல் லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், எலும்பு கட்டுபவர்கள் குணப்படுத்தும் நோய்கள் பற்றியே ஒரு சொற்பொழிவு நடத்தினார். அவர்களிடம் உள்ள நல்லதைக் கற்றுக்கொள்ளுங்கள், கெட்டதை விடுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். நான்கு ஆண்டுகள் கழித்து வார்ட்டன் ஹுட் என்ற மருத்துவர், ரிச்சர்ட் ஹட்டன் என்ற எலும்பு கட்டுபவரிடம் தான் கற்ற முறைகளைப் புத்தகமாகவே வெளியிட்டார். ஹட்டன் நோயுற்றபோது வார்ட்டனின் தந்தை காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தாராம். அந்த நன்றிக்குத்தான் ஹட்டன் தன் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார்.

இனி என்னை நெடுநேரம் யோசிக்கவைத்த இடம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஆங்கிள்சி என்ற தீவு. அங்கே தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிய குடும்பத்தில் வந்தவர் ஹியூ ஓவன் தாமஸ். மருத்துவம் படித்து லிவர்பூலில் தொழில் செய்தார். மூட்டு நோய்க்கு நீண்ட, இடைவிடாத ஓய்வே மருந்து என்பது இவர் கொள்கை. எலும்புக் காசநோய் மலிந்திருந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. அவருக்கு முன்பே, 1863-இல், ஜான் ஹில்டன் என்ற லண்டன் அறுவை மருத்துவரும் ஓய்வையும் வலியையும் பற்றி எழுதிய புத்தகம் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. காலப்போக்கில் இந்த ஓய்வு சாதாரண இடுப்பு வலிக்கும் மருந்தாகிவிட்டது. 1934-இல் அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்வலி வரும் என்று காட்டினார்கள். அதன்பின் இடுப்பு வலி என்றாலே ஜவ்வு, ஜவ்வு என்றாலே படுக்கை. எங்கள் அப்பாவின் பலகை இந்த வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

இன்னொரு பக்கம் கை வைத்தியமும் வளர்ந்துகொண்டிருந்தது. 1894-இல் லண்டனில் செவிலியரான நான்கு பெண்கள், மசாஜ் தொழிலுக்கு ஏற்பட்ட கெட்ட பெயரைப் போக்கப் பயிற்சியும் தேர்வும் வைத்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் பிரிட்டனின் பிசியோதெரபி சங்கமானது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்ற மருத்துவர், முதுகை இழுத்துத் திருப்பிச் சரிசெய்யும் முறைகளைப் பிசியோதெரபிஸ்டுகளுக்கே கற்றுக்கொடுத்தார்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் 1964-இல் எழுதிய புத்தகம்தான் என் மாணவனின் கட்டைவிரல்களுக்குப் பின்னால் இருப்பது. அழுத்தத்தை அவர் படிகளாகப் பிரித்தார். வலி அதிகமாக இருந்தால் முதல் இரண்டு படிகள், அதாவது இறுக்கத்தைத் தொடாத மெல்லிய அசைவு. விறைப்பு அதிகமானால் மூன்றும் நான்கும், அசைவின் எல்லைவரை. ஒவ்வொரு முறை அழுத்திய பிறகும் நோயாளியை அசையச் சொல்லி, மாற்றம் உண்டா என்று பார்க்க வேண்டும். "எலும்பு விலகியிருக்கு, உள்ளே தள்ளிட்டேன்" என்ற பேச்சே அங்கே இல்லை. சொடக்குச் சத்தம்கூட மூட்டு நீரில் உண்டாகும் வாயுக் குமிழிதானே தவிர, எலும்பு இடத்தில் உட்காரும் ஓசை அல்ல.

1956-இல் நியூசிலாந்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட், முதுகிலிருந்து முழங்கால்வரை வலியோடு வந்த ஒருவரைக் குப்புறப் படுத்திருக்கச் சொன்னார். முந்தைய நோயாளிக்காக அந்தக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதுகு பின்னால் வளைந்தபடி ஐந்து நிமிடம் கிடந்தவர், கால்வலி போய்விட்டது என்றார்! மெக்கன்சி பதறினாலும் அதை மறக்கவில்லை. எந்த அசைவு யாருக்கு வலியைக் குறைக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனித்து, நோயாளி தானே செய்யும் பயிற்சி முறையை உருவாக்கினார். தற்செயலாக நடந்ததை ஒதுக்காமல் கவனித்தாரே, அதைத்தான் நான் உங்களுக்கு அறிவியல் பாடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படுக்கைக்கு முடிவு 1995-இல் வந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களில் திடீர் இடுப்பு வலி வந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 2 நாள் படுக்கை, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, மூன்றாவது குழு முடிந்தவரை வழக்கமான வேலையைப் பார்த்தது. மூன்றாவது குழுவே சீக்கிரம் குணமானது. 2 நாள் படுக்கையே தாமதம் என்றால் 6 வாரம்? அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கை வைத்தியமும் சர்வரோக நிவாரணி அல்ல. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சி, நோயாளிக்குப் புரியவைத்தல் ஆகியவற்றோடு கையால் செய்யும் சிகிச்சையும் ஒன்றாக இருக்கிறது. கை வலியைத் தணித்து வழிவிடும். நடக்க வேண்டியது நாம்தான்.

கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, லாரி ஓட்டும் தம்பிகளே, வலி வந்தால் பயந்து படுத்துவிடாதீர்கள். யாரிடமும் சட்டென்று முதுகைக் கொடுத்துச் சொடக்கு எடுக்கவும் சொல்லாதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ, வலியோடு காய்ச்சல் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தாமதம் ஆகாது.

அப்பா இறந்து பல வருடமாகிறது. அந்தப் பலகை இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி மாதக்கணக்கில் படுத்திருந்தால், இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்