சாறு ஆற்றிய வரலாறு: குளிர்தொட்டி முதற் செப்புச் சுருள்வரை

கைத்தொழில் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நெருப்பைப் பற்றியே பேசுவர். ஆறவைத்தலைப் பற்றிப் பேசுவோர் அரியர். பியர் காய்ச்சுதலோ சூடாக்குவதிலும் பார்க்க ஆற்றுவதிலேயே கூடுதலாக இடர்ப்பட்ட தொழிலாகும். முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்துப் பெறும் இனிப்புச் சாறு, ஹொப்ஸ் பூக்களுடன் ஒரு மணி நேரமளவு கொதிக்கவைக்கப்படும். அந்நிலையில் மதுவத்தை இட்டால் அது இறந்துபடும். ஆதலின் சாறு ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்கு ஆறியாக வேண்டும்; கீழ்நொதி மதுவமாயின் 10 பாகை அளவுக்கும் இறங்க வேண்டும். கொதிக்கும்போது தூயதாயிருந்த சாறு, 60 பாகைக்குக் கீழே வந்ததும் காற்றில் மிதந்துவரும் பற்றீரியாவுக்கும் காட்டு மதுவத்துக்கும் நல்விருந்தாகிவிடும். இவ்விடைவேளையைக் கடப்பது எங்ஙனம் என்ற வினாவே இக்கட்டுரையின் பொருள்.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் வரலாறு சுருக்கமானது. முன்னையோர் அறியாமையாற் சாற்றைத் திறந்த தொட்டியில் விட்டனர். லூயி பாஸ்ரர் நுண்ணங்கிகளைப் பற்றி எடுத்துரைத்தார். உடனே கருவிகள் மாறின என்பர். கேட்பதற்கு இனிதாயினும் காலவரிசை இதற்கு இடந்தரவில்லை.

பழைய ஆலைகளிற் சாறு ஆறியது குளிர்தொட்டியிலாகும். பரப்பு மிகுந்து, ஆழம் சில அங்குலமே உடைய அத்தொட்டியைக் கூரைக்கு அண்மையில், காற்றோட்டமுள்ள மேல்மாடியில் அமைத்தனர். ஓரிரவு சென்றாற் சாறு ஆறும், இரவு குளிராயிருந்தால். இந்த ‘இருந்தால்’ என்ற சொல்லே தொழிலின் ஆண்டுக்காலத்தை வரையறுத்தது. பவேரியாவில் 1553ஆம் ஆண்டு ஐந்தாம் அல்பிரெக்ற் கோமகன் பிறப்பித்த ஆணை, செப்ரெம்பர் 29 முதல் ஏப்பிரல் 23 வரையுமே பியர் காய்ச்சலாம் என விதித்தது. கோடையிற் காய்ச்சிய பியர் கெடும் என்பதை, ஏன் கெடுகிறது என்பதை அறியாமலே, அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இலங்கையிற் பியர் ஆலையை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நுவரெலியாவில் நிறுவியதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்திலே மைக்கல் கொம்புறூன் 1762இல் வெளியிட்ட நூல் காய்ச்சுவோர் கையில் வெப்பமானியைக் கொடுத்தது. ஆயினும் வெப்பத்தை அளப்பது வேறு, அதனை அகற்றுவது வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரான்சிலே போதெலோ என்பவர் அமைத்த கருவிதான் திருப்பம் என்று கூறத்தக்கது. கிடையான குழாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே தண்ணீர் கீழிருந்து மேலேறும். வெளியே சாறு மென்படலமாக வழிந்திறங்கும். ஓரிரவு பிடித்த வேலை இதனால் விரைவில் முடிந்தது. இது பாஸ்ரரின் பியர் ஆய்வுக்கு முற்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. பெருகிவந்த உற்பத்தி கேட்டது வேகத்தையேயன்றித் தூய்மையை அன்று. சாறு திறந்த காற்றிலேதான் இன்னமும் வழிந்தது.

தூய்மை என்னும் கோரிக்கை பின்னரே எழுந்தது. பிரான்ஸ் ஜேர்மனியிடம் தோற்ற பின்னர், பிரெஞ்சுப் பியரை உயர்த்த வேண்டும் என்ற நாட்டுப்பற்றோடு பாஸ்ரர் 1871இல் ஆய்விலே இறங்கினார். அவ்வாண்டு இலண்டனில் விற்பிரெட் ஆலைக்குச் சென்று, அங்கிருந்த மதுவத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துக் குறை கண்டு கூறினார். ஆலையினரும் தாமதியாது ஒரு நுணுக்குக்காட்டியை வாங்கிக்கொண்டனர். 1876இல் வெளிவந்த அவரது பியர் பற்றிய நூலை அறிஞர் பலர் அறிவர். 1873இல் அமெரிக்காவில் அவர் பெற்ற காப்புரிமையை அறிந்தோர் சிலரே. கொதித்த சாற்றைச் சூடாகவே மூடிய கலத்தினுட் செலுத்தி, காற்றை அகற்றி, கலத்தின் வெளிப்புறத்தே நீரைத் தெளித்து ஆற்றும் முறை அது. போதெலோவின் கருவிக்கு நேர் எதிரான எண்ணம் இது: வேகம் குறைந்தாலும் குறையட்டும், காற்றுப் படலாகாது.

ஆகவே வேகம், காப்பு என்னும் இரு தேவைகள் தனித்தனியே எழுந்தன என்பதே என் கருத்து. இவற்றிடையே கார்ள் வொன் லின்டேயின் அமோனியாக் குளிரூட்டி 1876-77 அளவில் திரியெஸ்ற் நகரிலுள்ள திரேயர் ஆலையில் நிறுவப்பட்டுப் பருவத்தின் பிடியைத் தளர்த்தியது. 1883இல் ஹன்சன் காள்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் தனி மதுவத்தை வளர்த்தெடுத்ததும், அத்தூய வித்தைக் கெடுக்கும் திறந்த தொட்டி பொறுக்கமுடியாததாயிற்று. இரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றிய தகட்டுக் கருவியை றிச்சாட் செலிக்மன் 1923இல் இலண்டனில் ஆக்கினார். அதுவும் முதலிற் பாலுக்காகவே. குளிர்தொட்டி முற்றாக ஒழிந்ததெனவும் கூறவியலாது. பிரசெல்ஸ் நகரில் 1900இல் தோன்றிய கன்ரியோன் ஆலை, காற்றிலுள்ள காட்டு மதுவத்தை வேண்டியே குளிர்காலத்தில் அதனை இன்றும் பயன்படுத்துகிறது. ஒருவருக்குக் கேடு மற்றொருவருக்கு வித்து.

இவ்வரலாறு முழுவதும் இன்று வீட்டுச் சமையலறையில் மீண்டும் நிகழ்கிறது. பிரித்தானியாவில் 1880 முதல் நிலவிய வீட்டுக் காய்ச்சல் அனுமதிப்பத்திர முறையை நிதியமைச்சர் மோட்லிங் 1963இல் நீக்கினார். அமெரிக்காவில் 1978 ஒக்ரோபரில் ஜனாதிபதி காட்டர் கையொப்பமிட்ட சட்டம் வீட்டுத் தேவைக்கான பியரை வரியிலிருந்து விடுவித்தது. அதன்பின் பெருகிய சிறு காய்ச்சுவோர் எதிர்கொண்டதும் அதே வினாவே. செப்புக் குழாயைச் சுருளாக்கிச் சாற்றில் அமிழ்த்தி, உள்ளே தண்ணீர் ஓடவிடும் முறை வேகத்தைத் தருகிறது; பாத்திரம் மட்டும் திறந்தே கிடக்கும். ஒன்றனுள் ஒன்றான குழாய்களிற் சாறும் நீரும் எதிரெதிரே ஓடும் கருவியும் தகட்டுக் கருவியும் இரண்டையும் தருகின்றன. ஆயின் உட்புறம் கண்ணுக்குப் புலப்படாது. ஹொப்ஸ் துணுக்கு அடைத்துக்கொண்டால் தூய்மைக்கென வாங்கியதே அழுக்கின் உறைவிடமாகும். அவுஸ்திரேலியாவிற் பலர் சூடான சாற்றை நெகிழிக் கலத்தில் நிரப்பி, இறுக மூடி, மறுநாள் வரை விட்டுவிடுகின்றனர். தண்ணீர் மிச்சம். பாஸ்ரரின் காப்புரிமையை அவர்கள் படித்திருக்க வேண்டியதில்லை. முறை மட்டும் ஏறக்குறைய அதுவே.

சிறு அளவிற் காய்ச்சுவோர் எதனைத் தெரிவது? என் மதிப்பீட்டில், அளவே இதனை முடிவுசெய்ய வேண்டும். சாற்றை நீராகவே கொண்டு கணிப்போம். 4 லீற்றர் 100 பாகையிலிருந்து 20க்கு இறங்க 320 கிலோகலோரி வெப்பம் வெளியேற வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுகையில் 80 கிலோகலோரியை உறிஞ்சும். எனவே லீற்றருக்கு ஒரு கிலோ வீதம் 4 கிலோ பனிக்கட்டியும், பாத்திரத்தை இறக்கிவைக்க ஒரு தொட்டியும் போதும். மூடியைத் திறக்கவும் வேண்டாம். இவ்வளவுக்குத் தகட்டுக் கருவி வாங்குவது வீண். 20 லீற்றராயின் 20 கிலோ பனிக்கட்டி வேண்டும். அங்கேதான் செப்புச் சுருள் தன் விலைக்குத் தகுதியாகிறது. கொதிப்பின் கடைசிப் பத்து நிமிடம் சாற்றினுள்ளேயே கிடந்தால் அதுவும் தூய்மையாகிவிடும். ஆனால் எச்சுருளும் தன்னுள் ஓடும் நீரிலும் குளிராகச் சாற்றை ஆற்றாது. குழாய்நீர் 28 பாகையாயுள்ள ஊரிலே சுருளால் 40 வரை இறக்கி, எஞ்சிய 20 பாகையைப் பனிக்கட்டியிடம் விட்டால், அதற்கு வேண்டியது 5 கிலோ மாத்திரமே.