கட்டம் கட்டமா ஏதோ வருதுடா

அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கக் கேளம்பாக்கம் ஜங்ஷனில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். நான் வழக்கம்போல மூன்று மாடல்களை மேசைமேல் வரிசையாக வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ராம் எவ்வளவு, பேட்டரி எத்தனை எம்.ஏ.ஹெச்., இன்னும் எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும் என்று என் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கடைக்காரப் பையனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இதுல தமிழ் வருமா?"

பையன் சிரித்துவிட்டான். "எல்லாத்துலயும் வரும்மா."

அவனுக்கு இருபது வயது இருக்கலாம். அவன் கையில் போன் வந்த நாளிலிருந்தே அதில் தமிழ் இருந்திருக்கும். ஃபேன் வாங்கப் போய் "இதுல காத்து வருமா?" என்று கேட்டது போல அவனுக்குத் தோன்றியிருக்கும். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை அம்மா என்னிடம் 2011-லேயே கேட்டிருந்தார். அப்போது நான் சொன்ன பதில் எங்கள் வீட்டுக்கு இரண்டரைப் பவுன் செலவு வைத்தது.

*

அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தினத்தந்தியை ஒரு வரி விடாமல் படிப்பார், ரேஷன் கார்டு முதல் பத்திரம் வரை எல்லாவற்றையும் தானே வாசித்துப் பார்த்துதான் கையெழுத்துப் போடுவார். ஆங்கிலம் மட்டும் தெரியாது. அவரிடம் அப்போது டார்ச் வைத்த ஒரு பழைய நோக்கியா இருந்தது, மெனு முழுக்கத் தமிழில். பட்டன் தேய்ந்துபோனதால் நான் வேறு போன் வாங்கித் தந்தேன். இரண்டு சிம், மெமரி கார்டு, தெருமுனை வரை கேட்கிற ஸ்பீக்கர், கேமரா எல்லாம் இருந்தும் விலை நோக்கியாவைவிடக் குறைவு. அந்த நாட்களில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் குவிந்து கிடந்த பெயர் தெரியாத போன்களில் ஒன்று.

"இதுல தமிழ் வருமாடா?"

"எதுக்கும்மா? பேசத்தானே போற?"

நான் விடுதிக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த ஆண்டு ஒருநாள் போனில் பேசும்போது அம்மா சொன்னார்: "கட்டம் கட்டமா ஏதோ வருதுடா. ரெண்டு மூணு தடவ வந்துடுச்சி."

"விளம்பரமா இருக்கும். அழிச்சிடு."

அது விளம்பரம் இல்லை. அடகு வைத்திருந்த சங்கிலிக்குத் தவணை முடிந்துவிட்டது, இந்தத் தேதிக்குள் வட்டி கட்டாவிட்டால் ஏலம் என்று நகைக்கடன் கொடுத்தவர்கள் அனுப்பிய செய்தி. அவர்கள் ஒழுங்காகத் தமிழில்தான் அனுப்பியிருக்கிறார்கள். பதிவுத் தபாலும் போட்டிருக்கிறார்கள். நாங்கள் வீடு மாறியிருந்ததால் அது பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிட்டது. அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே மொழியில் வந்த எச்சரிக்கையை நான் வாங்கித் தந்த போன் கட்டங்களாகக் காட்டியது. அழிக்கச் சொன்னதும் நான்தான்.

அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன்.

*

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்று இரண்டு நிறுவனங்கள் சேவை தொடங்கின. வரும் அழைப்புக்கும் காசு கட்டவேண்டிய காலம் அது. 2003-இல் வரும் அழைப்பு இலவசமான பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்குள் போன் வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து வண்டலூர் ரோடு பிடித்து ஒரகடம் வழியாகப் போனால் சுமார் 50 கிலோமீட்டர். உச்சத்தில் அங்கே நேரடியாக வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர், அவர்களில் நிறையப் பேர் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த இளம்பெண்கள். உலகச் சந்தைக்கான போன் அவர்கள் கைவழியாகத்தான் போனது. வரித் தகராறு காரணமாக மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது இந்தத் தொழிற்சாலை கைமாறாமல் நின்றது. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றுபோனது.

ஆக, போனைச் செய்கிற கை தமிழ்க்கை. போனுக்குள் மட்டும் தமிழ் நொண்டிக்கொண்டே இருந்தது. காரணத்தில் பாதி, எஸ்எம்எஸ் என்கிற சின்னப் பொட்டலத்தின் அளவில் இருக்கிறது.

1985-இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்ற பொறியாளர் தட்டச்சுப் பொறிமுன் உட்கார்ந்து, மனதில் தோன்றிய சின்னச் சின்ன வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். பெரும்பாலும் 160 எழுத்துக்குள் அடங்கிவிட்டன. ஒரு செய்திக்கு 160 எழுத்து போதும் என்று முடிவானது. ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்து கொள்ளும். தமிழை அனுப்ப ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் வேண்டும். அதே பொட்டலத்தில் 70 மட்டுமே கொள்ளும்.

அதோடும் முடியவில்லை. யூனிகோடில் 'க்' என்பது ஒன்றல்ல, இரண்டு குறியீடுகள்: க, அதன்மேல் ஒரு புள்ளி. எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். கேளம்பாக்கம் என்பதில் நம் கண்ணுக்கு 7 எழுத்துகள். போனுக்கு 12. அதையே ஆங்கிலத்தில் எழுதினால் 11. ஒன்று 160-இல் 11, இன்னொன்று 70-இல் 12. ஒரு எஸ்எம்எஸ் ஒரு ரூபாய் என்று இருந்த நாட்களில், காதலைத் தமிழில் சொன்னால் இரண்டு ரூபாய். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் பேக் செல்லாது என்று கம்பெனிகள் கைவிரித்துவிடும், அன்றைக்கு இன்னும் மோசம்.

தங்கிலீஷில் எழுதுகிற தலைமுறையைத் திட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். "எங்க இருக்க" என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தவன் தமிழை வெறுத்து அப்படிச் செய்யவில்லை. அவன் கையில் இருந்த போனில் பல சமயம் தமிழ் இல்லை. இருந்தாலும் எதிராளியின் போனில் இருக்குமா என்பது நிச்சயமில்லை. இரண்டிலும் இருந்தாலும் காசு அதிகம். சுமார் பத்து வருஷம் விரல் அப்படிப் பழகிவிட்டது. பிறகு தமிழ் வந்தபோது விரல் திரும்பவில்லை.

*

கருவிக்கும் நம் எழுத்துக்கும் இருக்கும் சண்டை செல்போனோடு தொடங்கியதல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ரா. முத்தையா, 247 எழுத்துகளையும் ஒரு சின்ன விசைப்பலகைக்குள் எப்படி அடக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டுதான் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். பெரியார் 1935-இல் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. பழைய புத்தகங்களில் யானைத் தும்பிக்கை போல வளைந்திருக்கும் 'லை', 'னை' எல்லாம் அன்றோடு நேராகின. அச்சுக்கோப்பவருக்கு எழுத்து குறைந்தது. அதாவது அதுவரை கருவிக்காக நாம் எழுத்தைக் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தோம்.

கணினிக்கு வந்தபோது கருவி நமக்காக வளையவேண்டியிருந்தது. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரமானது. ஆனாலும் ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு குறியீடு என்று பல வருஷம் ஓடியது. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-இல், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்தான்.

ஒரு போனுக்குத் தமிழ் தெரியும் என்று சொல்ல மூன்று படிகள் தாண்டவேண்டும். முதலில், அதற்குள் தமிழ் எழுத்துரு இருக்கவேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வெற்றுக் கட்டம் வரும். அம்மா பார்த்தது அதைத்தான். இரண்டாவது, எழுத்தைக் கோக்கத் தெரியவேண்டும். 'கே' என்பதில் போன் சேமித்து வைப்பது முதலில் க, பிறகு ஏகாரக் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கவேண்டும். 'கோ' என்றால் கொம்பு ஒருபக்கம், கால் மறுபக்கம், நடுவில் க. இந்தக் கோவை வேலை தெரியாத போனில் கொம்பு ஒருபக்கம், புள்ளி ஒருபக்கம் என்று திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் போல நிற்கும். மூன்றாவது படி, நாம் எழுத ஒரு விசைப்பலகை.

முதல் இரண்டு படிகளுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. 2010 வாக்கில் போனில் வலைப்பூ படித்தவர்களுக்கு ஒபெரா மினி ஞாபகம் இருக்கும். முகவரிப் பட்டையில் ஒரு ரகசியக் கட்டளையை அடித்து, அமைப்புகளின் கடைசியில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்ற கேள்விக்கு ஆமாம் போட்டால், கட்டங்களெல்லாம் தமிழாகிவிடும். உண்மையில் போன் தமிழ் கற்றுக்கொள்ளவில்லை. எங்கோ இருந்த சர்வர் தமிழைப் படமாக வரைந்து அனுப்பியது. விடுதியில் நான் பத்துப் பேருக்காவது இதைச் செய்துகொடுத்திருக்கிறேன். அம்மாவின் போனில் செய்யத் தோன்றவில்லை. செய்திருந்தாலும் பயனில்லை, அது எஸ்எம்எஸ்ஸுக்கு உதவாது.

மூன்றாவது படியை முதலில் தாண்டியவர்களும் கடல்கடந்த தமிழர்கள்தான். 1980-களின் நடுவிலிருந்தே முரசு அஞ்சல் மூலம் கணினித் தமிழுக்கு உழைத்துவந்த மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005 பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமானது. இன்றைக்கு ஆப் என்று சொல்கிறோமே, அந்தச் சொல் நம் வாயில் புழங்காத காலத்தில் தமிழுக்கென்று வந்த ஆப் அது. பிறகு படிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 2011 இறுதியிலும் 2012-லும் வந்த ஆண்ட்ராய்டு 4.0, 4.1 பதிப்புகளோடு திரையில் தமிழ் நிலைபெற்றது. 2013-இல் ஐஓஎஸ் 7-இல் அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகைகளும் போனோடு சேர்ந்தே வந்தன. 2016-இல் மத்திய அரசு உத்தரவு போட்டது: இந்தியாவில் விற்கும் போன் எதுவானாலும் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரும் செய்தியைப் படிக்கும்படி இருக்கவேண்டும். எழுதுவதற்கு ஆங்கிலம், இந்தி, இன்னும் ஒரு மொழி. 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது.

கடைக்காரப் பையன் "எல்லாத்துலயும் வரும்மா" என்று சிரிப்பதற்குப் பின்னால் இத்தனை பேரின் வேலை இருக்கிறது. என் சங்கிலிக் கதையில் எனக்கு உறுத்துவதும் இதுதான். அம்மாவின் பழைய நோக்கியா தமிழ் படித்தது. வசதிகளை எண்ணி ஒப்பிட்டு, அதைவிடச் சிறந்தது என்று நான் தேர்ந்தெடுத்த போன் படிக்கவில்லை. நான் போட்ட ஒப்பீட்டு அட்டவணையில் அம்மாவுக்கு ஒரு வரிசைகூட இல்லை.

*

இப்போது யாராவது "எந்தப் போன் வாங்கலாம், எந்த ஆப் போடலாம்?" என்று கேட்டால் முதலில் யாருக்கு என்று கேட்கிறேன். பிறகு ஒரு சின்ன சோதனை. அந்தப் போனில், அந்த ஆப்பில் 'கேளம்பாக்கம்', 'ஸ்ரீபெரும்புதூர்' இரண்டையும் அடித்துத் தேடிப் பார்ப்பேன். கடையில் இருக்கும் எந்தப் போனும் இன்று சரியாகக் காட்டிவிடும். ஆப்கள்தான் மாட்டும். மெனு தமிழில் இருக்கும், எச்சரிக்கை ஆங்கிலத்தில் வரும். 'ஸ்ரீ'யைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம் என்பதால், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. பணம் போகிற பக்கத்தில், 'சம்மதம்' பொத்தானுக்கு மேலே இருக்கும் பத்தி எந்த மொழியில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் பார்க்கிறேன். கட்டங்கள் போய்விட்டன. படிக்கமுடியாத செய்தி இன்னும் போகவில்லை.

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாடு முழுக்கப் போன்கள் ஒரே நேரத்தில் அலறின. பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை. எங்கள் வீட்டில் என் போன், அம்மாவின் போன் இரண்டும் சேர்ந்து கத்தியதில் அம்மா சமையலறையிலிருந்து பதறி ஓடிவந்தார். நான் என் போனை எடுப்பதற்குள் அவர் தன்னுடையதை எடுத்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தமிழில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரை உரக்க வாசித்தார்.

"ஒண்ணும் பண்ண வேணாமாம். சும்மா சோதனையாம்" என்றார்.

பிறகு அதை அழிக்கவா, வைத்துக்கொள்ளவா என்று என்னைக் கேட்டார்.

"வச்சிக்கோம்மா" என்றேன்.