தலை தாழ்ந்தால் நின்ற எஞ்சின்

1940ஆம் ஆண்டு கோடையில் பிரிட்டனின் வான்வெளியில் ஸ்பிட்பயர், ஹரிக்கேன் என்னும் இருவகைப் போர் விமானங்கள் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்களோடு பொருதின. அவ்விரண்டுக்கும் உயிராய் அமைந்தது ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியாரின் மெர்லின் எஞ்சின். பன்னிரண்டு சிலிண்டர்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைத்திறன். அதன் பெருமையைப் பேசுவோர் பலர். அதனுள் ஒளிந்திருந்த ஒரு பிழையைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பின்தொடரப்படும் ஜெர்மன் விமானி தன் கைப்பிடியைச் சட்டென முன்னே தள்ளுவான். விமானம் மூக்கைத் தாழ்த்திக் கீழ்நோக்கிப் பாயும். துரத்தி வரும் பிரிட்டிஷ் விமானியும் அவ்வாறே செய்தால், அவனுடைய எஞ்சின் விக்கும், கரும்புகை கக்கும், சில வேளைகளில் நின்றேவிடும். அதற்குள் எதிரி தப்பிவிடுவான். துரத்துபவன் எதிரியாக இருந்துவிட்டாலோ, தப்ப வேண்டியவனே இலக்காகிவிடுவான். இதனால் விமானிகள் முதலில் விமானத்தைக் குப்புறப் புரட்டி, அதன்பின் பாயப் பழகிக்கொண்டார்கள். புரட்டுவதற்கு ஆகும் விநாடிகளே உயிரின் விலையாகக்கூடும்.

காரணம் கார்புரேட்டர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் இச்சொல்லுக்கு ஈடான தமிழ்ச் சொல்லைத் தேடித் தோற்றவன். ஆதலால் அப்படியே விட்டுவிடுகிறேன். டில்லிக் குளிர்காலத்தில் பழைய ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிய நேயர்களுக்கு அதனை அறிமுகப்படுத்தவும் வேண்டுவதில்லை. அதில் பெட்ரோல் தங்கும் சிற்றறை ஒன்று உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து, நீர் நிறைந்ததும் குழாயை அடைக்கிறதல்லவா? அச்சிற்றறையிலும் அத்தகைய மிதவை ஒன்றுதான் காவல். விமானம் சட்டென மூக்கைத் தாழ்த்தும்போது உள்ளே மேல், கீழ் என்பதே மாறிவிடுகிறது. பெட்ரோல் அறையின் கூரைக்குத் தாவுகிறது. கீழேயுள்ள துவாரங்கள் வறண்டு, எஞ்சின் பட்டினியால் விக்குகிறது. இது முதற்கட்டம். அடுத்து, மிதவை தரையில் விழுந்து வழியை முற்றிலும் திறந்துவிட, பம்பு தன் முழு வேகத்தில் பெட்ரோலைக் கொட்டுகிறது. எஞ்சின் இப்போது வெள்ளத்தில் மூழ்குகிறது. கரும்புகைக்கும், நீண்ட நேரத் தடைக்கும் காரணம் பட்டினியன்று, மிகையுணவே.

எஞ்சினை அமைத்தவர்களை அறியாதவர்கள் என்று இகழ்வது முறையாகாது. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து அடர்த்தி பெறுகிறது. எஞ்சினின் திறன் கூடுகிறது. சிலிண்டருக்குள் நேரே பெட்ரோலைச் செலுத்திய ஜெர்மானியருக்கு அந்த ஆதாயம் இல்லை. அவர்களுக்குப் பாயும்போது விக்கலும் இல்லை. பலத்தைத் தந்த அமைப்பே பலவீனத்தையும் தந்தது. அதன் அபாயம் எதிரியின் எஞ்சினோடு மோதிய பின்னரே முழுமையாக வெளிப்பட்டது.

இதற்குத் தற்காலிகப் பரிகாரம் கண்டவர் பார்ன்பரோ நகரிலிருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண்மணி. 1909இல் பிறந்த இவர் மான்செஸ்டரில் பொறியியல் கற்றவர். புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தங்க நட்சத்திரப் பரிசு பெற்றவர். எஞ்சினின் சுபாவத்தை ஏட்டில் மட்டும் கற்றவரல்லர் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அவர் செய்தது என்ன? நடுவில் துளையிட்ட சிறு உலோகத் துண்டு ஒன்றை எரிபொருட் குழாயில் பொருத்தினார். எஞ்சின் முழு வலிமையுடன் ஓடுவதற்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, அவ்வளவே அத்துளை வழியே செல்லும். மிதவை வழி திறந்தாலும் வெள்ளம் புகாது. துளை சற்றுச் சிறுத்தால் எஞ்சின் வலிமை குன்றும், பெருத்தால் பயனில்லை. அளவை நுட்பமாகக் கணித்ததே அருமை. விமானங்களைப் பட்டறைக்கு அனுப்பாமல் தளத்திலேயே மாட்டிவிடலாம் என்பது மற்றொரு வசதி. ஷில்லிங்கும் சில உதவியாளர்களும் தளம் தளமாகச் சென்று, 1941 மார்ச்சுக்குள் போர் விமானப் படைக்கு அதனைப் பொருத்தி முடித்தார்கள்.

முதற்கட்ட விக்கலை அது நீக்கவில்லை. 1943இல் மிதவையற்ற அழுத்தக் கார்புரேட்டர் வந்த பிறகே குறை அறவே தீர்ந்தது. அதுவரை விமானிகளைக் காத்த துண்டுக்கு அவர்கள் நகைச்சுவையாக இட்ட பெயர் 'மிஸ் ஷில்லிங்கின் துவாரம்'. அவர் 1938லேயே மணம் புரிந்து திருமதி நெய்லர் ஆகியிருந்தார்; எனினும் விமானிகளின் வாயில் அவர் மிஸ் ஷில்லிங்காகவே நிலைத்துவிட்டார்.