தடைக்காலத்தில் கரையில் நிற்கும் படகு தீப்பிடிப்பது ஏன்? தூத்துக்குடி மீனவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன்பு 45 நாட்களாக இருந்த இந்த மீன்பிடித் தடைக்காலம், அதன் பிறகு 61 நாட்களானது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட விசைப்படகுகள் இந்த இரண்டு மாதமும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக் கிடக்கும். கரையேற்றிய படகுகளில் தச்சு வேலை, வெல்டிங், பெயிண்டிங் என்று பகல் முழுக்க சத்தம் ஓயாது.

கடலில்தான் ஆபத்து, கரைக்கு வந்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறோம். தீ விஷயத்தில் அது அப்படியே தலைகீழ். கடலில் ஓடும் படகில் ராத்திரியிலும் யாராவது ஒருவர் விழித்திருப்பார். லேசாகப் புகை வாசம் வந்தாலே இயந்திர அறையை எட்டிப் பார்ப்பார். கரையில் நிற்கும் படகில் அந்த ஒருவர் இல்லை. தீ வெளியே தெரியும்போது அது அடுத்த படகுக்குத் தாவியிருக்கும்.

குளிர்நாடுகளிலும் இதே பிரச்சினை உண்டு. அங்கே படகுக்கு ஓய்வு குளிர்காலத்தில். அமெரிக்காவின் அலபாமா மாநிலம் ஸ்காட்ஸ்போரோவில், 2020 ஜனவரி 27 நள்ளிரவில், ஆற்றங்கரைப் படகுத்துறையில் கட்டியிருந்த ஒரு படகில் தீப்பிடித்தது. மரத்தாலான அந்தத் துறையில் இருந்த 35 படகுகள் எரிந்தன. படகிலேயே குடியிருந்தவர்களில் 8 பேர் இறந்தார்கள். அங்கே கடுங்குளிர், இங்கே அக்னி நட்சத்திர வெயில். ஆனால் வரிசையாகக் கட்டிய படகுகள், நடு ராத்திரி என்பது இரண்டு இடத்துக்கும் பொது.

விசாகப்பட்டினத்தில் என்ன நடந்தது?

நமக்குப் பக்கத்து உதாரணம் விசாகப்பட்டினம். 2023 நவம்பர் 19 இரவு 11.30 மணி வாக்கில் அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தில் பற்றிய தீயில் சுமார் 40 படகுகள் சேதமடைந்தன. அது தடைக்காலம் இல்லை. ஆனாலும் படகுகள் நின்ற விதம் அதேதான்: நெருக்கமாக, டீசலோடு, சமையல் காஸ் சிலிண்டரோடு.

போலீஸ் விசாரணையில் வெளிவந்த காரணம் ரொம்பச் சின்னது. ஒரு படகில் உட்கார்ந்து மது அருந்தியவர்கள் போட்ட சிகரெட் துண்டு, பக்கத்துப் படகின் நைலான் வலையில் விழுந்திருக்கிறது. தீயைப் பார்த்தவர்கள் எரியும் படகைக் கயிறு அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார்கள். யோசனை சரிதான். ஆனால் காற்றும் நீரோட்டமும் அதைத் திரும்பத் துறைக்கே கொண்டுவந்து சேர்த்தன. அதன் பிறகு சிலிண்டர்கள் வெடிக்க ஆரம்பித்தன. உயிரிழப்பு இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல். படகு மதிப்பில் 80 சதவீதத்தை இழப்பீடாகத் தருவதாக ஆந்திர அரசு அறிவித்தது. எல்லா விபத்துக்கும் அரசு இப்படி முன்வரும் என்று நம்பி இருந்துவிட முடியாது.

ஃபைபர் பூச்சும் வெல்டிங்கும்

தடைக்காலத்தில் நடக்கும் வேலைகளில் கவலைப்பட வேண்டியது இந்த ஜோடிதான். மரப் படகின் அடிப்பகுதியில் தண்ணீர் ஏறாமல் இருக்க ஃபைபர் பூச்சு போடுகிறார்கள். இதற்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் கலந்திருக்கிறது. மூக்கில் ஏறும் அந்த நெடி அதனுடையதுதான். சுமார் 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது ஆவியாகிவிடும். தூத்துக்குடியில் மே மாத மதியம் 31 டிகிரி என்பது குளிர்ச்சியான நாள்! அதாவது, டப்பாவைத் திறந்து வைத்தாலே போதும், ஆபத்து தயார்.

ரெசின் இறுகுவதற்குச் சேர்க்கும் ஹார்டனரும் லேசுப்பட்டதல்ல. அதையும், ஊதா நிறத்தில் வரும் கோபால்ட் கலவையையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று ஊற்றக் கூடாது. வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் ஹார்டனர். மிச்சமான கலவையை வாளியோடு அப்படியே விட்டுவிட்டுப் போவதும் தப்பு. வாளிக்குள் மொத்தமாக இறுகும்போது அது தானாகவே சூடேறிப் புகையும். மெல்லிய படலமாகப் பரப்பி, படகுக்கு வெளியே திறந்த இடத்தில் வைத்தால் சூடு தங்காது.

இந்த நேரத்தில் பக்கத்துப் படகில் ஒருவர் வெல்டிங் வைத்தால்? பொறி 10 மீட்டர் தூரம் வரைகூடத் தெறிக்கும். இரண்டு படகுகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி இருப்பதே இல்லை. இரண்டு வேலையையும் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் செய்யாமல் இருப்பது ஒன்றுதான் உருப்படியான வழி. இதற்குப் படகு உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்தாலே போதும், பத்து பைசா செலவில்லை.

வெல்டிங் முடிந்ததும் பட்டறைக்காரர் கிளம்பிவிடுவார். பலகை இடுக்கில் விழுந்த பொறி கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். வேலை முடிந்து குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் தண்ணீர் வாளியோடு அங்கேயே இருக்க வேண்டும். இன்னொன்று: டீசல் டேங்க் காலியாகத்தானே இருக்கிறது என்று அதன் மேல் வெல்டிங் வைப்பது. நிறைந்த டேங்கைவிட காலி டேங்க்தான் மோசம், உள்ளே இருப்பது முழுக்க ஆவி. கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகே தொட வேண்டும்.

சிலிண்டர், பேட்டரி, வலை

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம். படகு ஒரு கிண்ணம் மாதிரி. கசிந்த காஸ் அடிப்பகுதியில் போய்த் தேங்கிவிடும், வெளியே போக வழியில்லை. அதனால் கரைக்கு வந்ததும் முதலில் இறக்க வேண்டியது சிலிண்டரை. "ரெண்டு நாளில் வேலை முடிஞ்சிடும், வேலையாட்களுக்கு டீ போட இருக்கட்டும்" என்று விட்டுவைப்பதுதான் வழக்கமாக நடப்பது.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றும். மூடிய இயந்திர அறைக்குள் ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவதை விட்டுவிடலாம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கோ ஷெட்டுக்கோ கொண்டுபோவது நல்லது. முடியாவிட்டால் நெகட்டிவ் வயரையாவது கழற்றுங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்த வயர் முனைகள் சூடாவதும் தீக்கு ஒரு காரணம். கழற்றிய கையோடு அவற்றையும் மாற்றிவிடலாம்.

நைலான் வலை உருகும்போது சொட்டுச் சொட்டாக எரிந்து கீழே விழும். தடைக்காலம் முழுக்க வலையைத் தளத்தில் குவித்து வைப்பதைவிட, வலைக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டால் பாதிக் கவலை குறையும்.

தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வது?

101 அல்லது 112க்கு அழையுங்கள். எரிவது டீசல் என்றால் தண்ணீர் ஊற்றக் கூடாது. டீசல் மிதந்து தீயோடு பரவும். அதற்கு நுரை அல்லது உலர்பொடித் தீயணைப்பான் வேண்டும். மரமும் வலையும் எரிந்தால் தண்ணீர் அடிக்கலாம். ஆனால் அளவுக்கு மீறி அடித்தால் படகு நின்ற இடத்திலேயே மூழ்கும். இயந்திர அறை மூடியிருந்து உள்ளே புகை வந்தால், மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள். காற்று புகுந்ததும் தீ எழும்பி முகத்தில் அடிக்கும்.

பிறகு படகுகளைப் பிரிக்கும் வேலை. விசாகப்பட்டினத்தில் நடந்ததை நினைத்தால், எரியும் படகைச் சும்மா அவிழ்த்துவிடுவதைவிட, பக்கத்தில் நிற்கும் நல்ல படகுகளை இழுத்து அப்புறப்படுத்துவதே பாதுகாப்பு. இதற்கு இயந்திரம் ஓடும் நிலையில் ஒரு படகாவது துறையில் எப்போதும் வேண்டும். கயிற்றை வெட்ட கத்தி, கோடாரி எங்கே இருக்கிறது என்பதும் காவலுக்கு இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருநூறு படகு நிற்கும் இடத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால், ராத்திரிக் காவலுக்கு ஒரு படகுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

ஆய்வும் காப்பீடும்

தடைக்காலத்தின்போது மீன்வளத்துறை அதிகாரிகள் விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்வார்கள். பதிவு, நீளம், இயந்திரத்தின் குதிரைத்திறன், தகவல் தொடர்புக் கருவி, உயிர்காப்பு உபகரணம் எல்லாம் பார்க்கப்படும். ஆய்வு நாளுக்காகத் தீயணைப்பானை வெளியே எடுப்பவர்கள், அதன் அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா, கடைசியாக எப்போது நிரப்பினார்கள் என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.

காப்பீடு எடுத்திருப்பவர்கள் பாலிசியில் ஒன்றைத் தேடிப் படியுங்கள்: படகு ஓடாமல் நிற்கும் காலமும், கரையேற்றிப் பழுது பார்க்கும் காலமும் அதில் அடங்குமா? தெளிவாக இல்லையென்றால் ஏப்ரல் 15க்கு முன்பே கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.