இரண்டாயிரம் போதும் என்ற பத்திரிகை

நம்ம திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர் யாரிடமாவது போய், "இரண்டாயிரம் பீஸுக்கு மேல் ஆர்டர் வந்தால் எடுக்காதீங்க" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். வீரபாண்டியிலிருந்து பி.காம். படிக்கப் போகிற எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா சென்னையில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவரே அறிவித்தார். கடையில் தொங்கவிடுவதும் இல்லை. சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும்.

செல்லப்பா யார் என்று கேட்கும் நண்பர்களுக்கு: ஜல்லிக்கட்டை வைத்து 'வாடிவாசல்' எழுதியவர். 'மணிக்கொடி' காலத்து ஆள். பெரிய வாரப் பத்திரிகைகள் தொடர்கதையால் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், விமர்சனத்துக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தார். லட்சம் பேருக்கு அச்சடித்தால் லட்சம் பேருக்கும் பிடித்ததைத்தானே போட வேண்டியிருக்கும்? அந்தக் கட்டாயமே வேண்டாம் என்று முதலிலேயே வேலி போட்டுக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அங்கே வாசகர்களே எழுத்தாளர் ஆனது. திருகோணமலையில் இருந்த தருமு சிவராமுவுக்கு (பின்னாளில் பிரமிள்) அப்போது இருபது வயது சொச்சம், அதாவது நம்ம வயது! அவர் கவிதை, கட்டுரை எல்லாம் 1960 முதல் 'எழுத்து'வில் வந்தன. வடக்கே அரசாங்க வேலையில் இருந்த வெங்கட் சாமிநாதனும் இங்கேதான் விமர்சகராக வளர்ந்தார். யாப்பு இல்லாத கவிதையைப் பலர் கவிதை என்றே ஒப்புக்கொள்ளாத நாளில், ந. பிச்சமூர்த்தியோடு புதியவர்களையும் சேர்த்து 24 பேரின் கவிதைகளை 1962-ல் 'புதுக்குரல்கள்' என்று தொகுத்தார் செல்லப்பா.

சரி, கணக்குக்கு வருவோம். காகிதம், அச்சுக்கூலி, தபால் எல்லாம் மாதாமாதம் கேட்கும் செலவு. சந்தாவோ வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஆள் புதுப்பித்தால்தான். இவ்வளவு குறைந்த பிரதிக்கு விளம்பரமும் தேடி வராது. அந்த இரண்டாயிரத்தையே 'எழுத்து' எட்டவில்லை. தாம் போட்ட புத்தகங்களைக் கட்டாகக் கட்டிக் கல்லூரி கல்லூரியாகத் தூக்கிப்போய் விற்றார் மனிதர். கடைசியில் காலாண்டிதழாகி, 119 இதழ்களோடு 1970-ல் நின்றது. எங்கள் பாடப்படி பார்த்தால் இது முதல் வருடமே இழுத்து மூடியிருக்க வேண்டிய வியாபாரம். பதினொரு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது! அவர் உழைப்புக்குக் கூலி போட்டிருந்தால் நஷ்டம் இன்னும் எத்தனை மடங்கு காட்டியிருக்குமோ.

இதெல்லாம் சென்னைக் கதை என்று நினைக்க வேண்டாம். 1987-ல் செகந்திராபாத்தில் தொடங்கிய 'கனவு' சிற்றிதழ் பிறகு நம்ம திருப்பூரிலிருந்துதான் வந்தது. அதன் ஆசிரியர் சுப்ரபாரதிமணியன். நொய்யலில் ஓடிய சாயத்தண்ணியைப் பற்றி 'சாயத்திரை' நாவல் எழுதியவர்.