காரணம் தெரியாமல் சிதைந்த கருக்கள்

பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று பண்ணையாட்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். செத்துப் பிறந்த குட்டிகள் பரிசோதனை மேசைக்கு வந்தால் முதலில் அளவு நாடாவைத்தான் எடுப்பேன். உச்சந்தலையிலிருந்து வாலடி வரை 17 செ.மீ. என்றால், கரு ஏறத்தாழ 70ஆம் நாளில் செத்திருக்கிறது. ஒரே ஈற்றில் விரல்நீளம், சாண்நீளம் என்று வெவ்வேறு அளவில் வற்றிக் கறுத்த கருக்கள் கிடந்தால் பார்வோ வைரஸைச் சந்தேகிப்பேன். அது கருப்பைக்குள் ஒரு கருவிலிருந்து அடுத்ததற்கு மெல்லப் பரவும். தாய்க்கு ஒன்றும் தெரியாது, தீவனம்கூடக் குறையாது. 70 நாளைத் தாண்டிய கரு பெரும்பாலும் தானே எதிர்த்து நின்று பிழைத்துக்கொள்ளும்.

1987இல் அமெரிக்காவின் வட கரோலினா, அயோவா, மின்னசோட்டா பண்ணைகளில் விழுந்த கருக்கள் இந்தக் கணக்குக்குள் வரவில்லை. தாய்ப்பன்றிகள் சில நாள் தீவனத்தைத் தொடாமல் கிடந்தன, பிறகு ஈனும் நாள் நெருங்கும்போது கருவை வீசின. ஒரே ஈற்றில் அப்போதுதான் செத்தது ஒன்று, பழுப்பேறி ஊறிப்போனது ஒன்று, வற்றியது ஒன்று, உயிரோடிருந்தும் கால் ஊன்ற முடியாதது ஒன்று. சிலவற்றின் தொப்புள்கொடி இரத்தம் கட்டித் தடித்துக் கறுத்திருந்தது. பிழைத்த குட்டிகள் மூச்சு வாங்கி, பால் மறக்குமுன்னே செத்தன. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், இன்ஃப்ளுயன்ஸா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்தார்கள். எதுவும் எல்லாப் பண்ணைக்கும் பொருந்தவில்லை. ‘மர்மப் பன்றி நோய்’ என்றே எழுதிவைத்தார்கள். 1990 இறுதியில் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பகுதியிலும், 1991 தொடக்கத்தில் நெதர்லாந்திலும் அதே காட்சி.

விடை கிடைத்தது நெதர்லாந்தின் லெலிஸ்டாட் நகரத்து மத்தியக் கால்நடை ஆய்வுக்கூடத்தில். கெர்ட் வென்ஸ்வோர்ட் குழுவினர், இளம்பன்றியின் நுரையீரலைக் கழுவி எடுத்த மேக்ரோஃபேஜ் செல்களில் நோய்ப் பன்றிகளின் மாதிரிகளை வளர்த்துப் பார்த்தார்கள். கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய செல் அது. அதற்குள்ளேயே குடியேறிப் பெருகும் வைரஸ் இது. வளர்த்த வைரஸைச் சினைப்பன்றிகளின் மூக்கில் விட்டார்கள். செத்த குட்டிகளும் நலிந்த குட்டிகளும் பிறந்தன, அவற்றிலிருந்து அதே வைரஸ் திரும்பக் கிடைத்தது. எல்லாம் 1991க்குள் முடிந்துவிட்டது. நோய்க்கூறியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் காட்டியதில்லை.

அமெரிக்கர்களும் தங்கள் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டும் ஒரே நோயைத்தான் உண்டாக்கின, ஆனால் மரபணுத் தொடரில் சுமார் 60 சதவீதமே ஒத்திருந்தன. அப்படியென்றால் இரு கண்டங்களிலும் அவை வெகுகாலம் தனித்தனியே வளர்ந்திருக்க வேண்டும். கனடாவில் சேமித்து வைத்திருந்த 1979ஆம் ஆண்டு இரத்த மாதிரிகளில் இதற்கான எதிர்ப்பொருள் இருந்ததும் பின்னால் தெரிந்தது. வைரஸ் முன்பே இருந்திருக்கிறது. 1980களில் மாறியது பண்ணைதான் என்பது என் கருத்து. ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான தாய்ப்பன்றிகள், வெளியிலிருந்து ஓயாமல் வரும் இளம்பெட்டைகள், ஊர் ஊராகப் போகும் விந்துக் குப்பிகள். நோயின் அடையாளமே இல்லாத ஆண்பன்றியும் வாரக்கணக்கில் விந்தில் இந்த வைரஸை வெளியிடும்.

தடுப்பூசியும் லேசில் கைகொடுக்கவில்லை. 1996இல் டென்மார்க்கில் அமெரிக்க வகை உயிருள்ள தடுப்பூசியைப் போட்டார்கள். ஊசியிலிருந்த வைரஸ் மீண்டும் வீரியம் பெற்று, ஊசி போடாத மந்தைகளுக்கும் பரவிக் கருவை அழித்தது. அந்த நாட்டில் அதற்குமுன் அமெரிக்க வகை இருந்ததே இல்லை. பண்ணைக்காரர்கள் நம்பிப் போட்ட ஊசி அது, எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

வைரஸ் பண்ணைக்குள் எப்படி நுழைகிறது என்று பார்க்க, மின்னசோட்டாவில் ஆய்வாளர் ஸ்காட் டீ செய்த ஆய்வொன்று உண்டு. லாரியின் அடியில் வைரஸ் கலந்த பனிக்கட்டியை ஒட்டி ஓட்டிப் பார்த்தார்கள். கழுவுமிடத்தில் உருகிய பனி ஓட்டுநரின் காலணியில் ஒட்டி, பண்ணையின் முன்னறை வரை வைரஸைக் கொண்டுபோனது. பண்ணை வாசலில் குறுக்கே ஒரு பெஞ்சு போட்டு, வெளிக்காலணியை இந்தப் பக்கம் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் வேறு காலணி மாட்டச் சொல்வது இதனால்தான்.

2006இல் சீனாவில் இன்னும் கொடிய வகை எழுந்தது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைத் தாக்கி, சுமார் நான்கு லட்சத்தைக் கொன்றது. அதையொத்த வைரஸ் 2013இல் மிசோரமில் தலைகாட்டியது. இந்தியாவில் இந்த நோய் உறுதியானது அப்போதுதான். அங்கே வீட்டுப் பின்புறத்தில் ஒன்றிரண்டு பன்றி வளர்க்கும் குடும்பங்களே அதிகம். ஓர் ஈற்றுக் குட்டிகள் போனால் அந்த வருஷத்துக் கைப்பணம் போயிற்று. வாசலில் பெஞ்சும், குளித்துவிட்டு உள்ளே நுழையக் குளியலறையும் வைத்துக் கட்டிய பண்ணையின் தற்காப்பு அவர்களுக்கு உதவாது. சந்தையில் வாங்கும் இளம்பெட்டையை முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்து தர வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரம் அதைப் பழைய பன்றிகளோடு சேர்க்காமல் வைக்க ஒரு தனிப்பட்டி கட்ட உதவ வேண்டும்.