செஸி நம்பர் சொன்ன கதை

வாகனம் வாங்கப் போனால் நாம் முதலில் தேடுவது செஸி நம்பரைத்தான். ‘புல்லிட்’ (1968) படத்தில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய பச்சை நிற போர்ட் மஸ்டாங்குகளுக்கும் அதுதான் சாட்சி.

படத்துக்கு இரண்டு கார்கள். இரண்டின் இலக்கமும் 8ஆர்02எஸ் என்றே தொடங்கும். 8 என்றால் 1968 மொடல், ஆர் சான் ஹோசே தொழிற்சாலை, 02 ஃபாஸ்ட்பேக் உடல், எஸ் 390 கன அங்குல எஞ்சின். பிறகு ஒன்றுக்கு 125558, மற்றதற்கு 125559.

பாய்ச்சல் காட்சிகளில் அடிபட்ட 558, 2017இல் மெக்சிக்கோவில் எஞ்சினே இல்லாமல் கிடைத்தது. இலக்கம் இல்லாவிட்டால் அது வெறும் பழைய இரும்பு.

559ஐ 1974இல் நியூஜெர்சிக் குடும்பமொன்று வாங்கியது. வீட்டுக்காரம்மா ஓர் ஆசிரியை. அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாராம். (நாங்கள் இன்னும் பஸ்ஸில்தான்!) 1977இல் மெக்குயினே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. 1980இல் கிளச் போனது, காரும் ஓரமாய் நின்றுவிட்டது.

2018இல் வெளியே கொண்டுவந்தபோது, படப்பிடிப்பில் கமரா பூட்டுவதற்காக அடியில் ஒட்டிய இரும்புக் குழாய்கள் அப்படியே இருந்தன. புதுப்பிக்கிறோம் என்று யாராவது வெட்டி எறிந்திருந்தால் அந்த அத்தாட்சியும் போயிருக்கும். பழைய பெயின்ட்டோடும் துருவோடுமே 2020இல் ஏலத்துக்குப் போனது. கட்டணங்களோடு 37 லட்சத்து 40 ஆயிரம் டொலர்.